ரெவிட்: இரண்டு ஓட்டுக் கூரைகளின் முகடு ஒரே மட்டத்துக்கு வர மாட்டேன் என்கிறது

நாகர்கோவில்காரன்:
ஊர் வீட்டுக்கு ரெவிட்டில் (கட்டட வரைபட மென்பொருள்) நானே படம் போடுகிறேன். பெரிய பகுதி 20 அடி அகலம், பக்கத்தில் ஒட்டிய அடுக்களைப் பகுதி 12 அடி. இரண்டுக்கும் 30 டிகிரி சரிவு, ஒரே சுவர் உயரம். அடுக்களையின் முகடு தாழ்ந்தே நிற்கிறது. அப்பாவோ, "முகடு ஒரே கோட்டில் ஓடணும்" என்று ஒரே பிடி. எந்த எண்ணை மாற்றுவது?

வரைபலகை:
மென்பொருள் சரியாகத்தான் போடுகிறது. முகடு நடுவில் வருவதால் பாதி அகலம்தான் கணக்கு, அதில் 4 அடி வித்தியாசம். 30 டிகிரிக்கு அது முகட்டு உயரத்தில் சுமார் 2 அடி 4 அங்குலம். சின்னக் கூரையைத் தேர்ந்தெடுத்து, ப்ராப்பர்ட்டீஸில் 'பேஸ் ஆஃப்செட் ஃப்ரம் லெவல்' (தளமட்டத்திலிருந்து கூரை அடியின் உயரம்) அந்த அளவுக்குக் கூட்டுங்கள். சுவர் தானாகக் கூரைவரை ஏறி வராது, அதற்கு 'அட்டாச் டாப்' கொடுக்கணும்.

நாகர்கோவில்காரன்:
ஏறிவிட்டது. ஆனால் இப்போது இறவாரம் இரண்டும் ஏணிப்படி மாதிரி. சரிவைக் கூட்டினால்?

ஓட்டுக்கூரை:
சின்னக் கூரைக்குக் கிட்டத்தட்ட 44 டிகிரி வேண்டும். பார்க்கச் சகிக்காது, ஓடுகளையும் ஆணியடித்துப் பிடிக்கணும். இறவாரத்தை ஒன்றாக வைத்துக்கொண்டு, சின்ன முகட்டைப் பெரிய கூரையின் சரிவில் போய் முட்ட விடுங்கள். 'ஜாயின் ரூஃப்' அதற்குத்தான். சேரும் மூலையில் தகரம் நன்றாகப் போடச் சொல்லுங்கள், ஒழுகுவது அங்கேதான்.

நாகர்கோவில்காரன்:
சரி, ஆஃப்செட்டைப் பழையபடி பூஜ்யமாக்கி ஜாயின் செய்தாச்சு. அப்பாவுக்கு முப்பரிமாணப் படத்தை முன்பக்கத்திலிருந்து மட்டும் காட்டப்போகிறேன்.