நெடுந்தீவில அம்மான்ர சீதனக் காணியைத் தேடிப் போனனான், உங்கட அனுபவத்தையும் எழுதுங்கோ

யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம் காணியை விட்டிட்டு வெளியில இருக்கிற ஆக்கள் இதைக் கட்டாயம் வாசிக்கோணும் எண்டு நினைக்கிறன், கொஞ்சம் நீட்டுக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பிறந்து வளந்தது வவுனியா, அம்மாதான் நெடுந்தீவு. 1985 மே 15 நெடுந்தீவுச் சனம் போய்வாற குமுதினிப் படகை நடுக்கடலில மறிச்சு ஆகக் குறைஞ்சது 23 சனத்தை, கைக்குழந்தை உட்பட, வெட்டிக் கொன்றது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு அம்மாச்சி படகில ஏறவே நடுங்குவாவாம். 90 ல ஒரேயடியா வெளிக்கிட வேண்டி வந்தப்ப அவ தூக்கிக்கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டி, அதுக்குள்ள அம்மான்ர சீதன உறுதி, அதுதான் காணிப் பத்திரம். போன வருஷம் அம்மா செத்தாப் பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தனான். 6 பரப்பு, பனை 14, பங்குக் கிணறும் வழிவாய்க்கால் உரிமையும் எண்டு எழுதியிருக்கு. எல்லை எண்டு பாத்தா கிழக்கில இன்னாற்ற பெண்சாதி காணி, மேற்கில இன்னாற்ற பிள்ளையள் காணி, எல்லாம் ஆக்களின்ர பேர்தான், அந்தப் பேர்க்காரர் ஒருத்தரும் இப்ப உயிரோட இல்லை. இதை வச்சு எப்பிடித் தேடுறது சொல்லுங்கோ.

யாழ்ப்பாணத்தில தெரிஞ்ச ஒருத்தர் சொன்னவர் இந்நேரம் ஆரோ பிடிச்சிருப்பாங்கள், போய் மினக்கெடாத, தரகர் ஒருத்தர் இருக்கிறார் வந்த விலைக்குக் குடுத்திட்டு விடு எண்டு. எனக்கும் அரை மனசுதான். எண்டாலும் ஒருக்காக் கண்ணால பாக்கோணும் எண்டு விடியவே பஸ் எடுத்துக் குறிகட்டுவான் போய்ப் படகு ஏறினன். சோளகக் காத்து, ஏழாத்துப் பிரிவு எண்ட கடல் பக்கத்தில படகு தூக்கித் தூக்கிப் போட்டுது, பக்கத்தில ஒரு அம்மா அரிசி மூட்டையையும் காஸ் சிலிண்டரையும் காலுக்கு நடுவில அணைச்சுப் பிடிச்சபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தவ. அங்க எல்லாமே இப்பிடித்தான் போகுது, ஒரு பக்கெட் சீமெந்தும் இந்தக் கடலைத் தாண்டித்தான் போகோணும், அதால வீடு கட்டிற செலவு கரையில கட்டிறதை விடக் கூட. ஒரு மணித்தியாலம் கழிச்சு மாவிலித்துறையில இறங்கினன்.

வேலியளைப் பாத்திட்டு நான் நிண்டிட்டன். யாழ்ப்பாணத்தில நாங்கள் கிடுகு வேலி, பூவரசு, கிளுவை எண்டு பாத்தனாங்கள், அங்க முருகைக்கல்லு. சீமெந்து இல்லை, சாந்து இல்லை, கல்லுக்கு மேல கல்லு அடுக்கி நெஞ்சளவு உயரத்துக்கு ஒழுங்கை ஒழுங்கையாப் போகுது. காணியைத் துப்புரவாக்கேக்க கிண்டி எடுத்த கல்லையே எல்லைக்கு அடுக்கிறது, காத்து இடுக்குக்குள்ளால போயிடும் அதால விழாது எண்டு பிறகு சொல்லிச்சினம். ஆனா மாடும் குதிரையும் உரஞ்சினா சரியும், அப்பப்ப எடுத்து வைக்கோணும், ஆள் இல்லாத காணி எது எண்டு வேலியைப் பாத்தே சொல்லலாமாம்.

விதானையாரிட்ட கேட்டு, தேத்தண்ணிக் கடையில கேட்டு, கடைசியா ஒரு வயசான ஐயாவிட்ட அனுப்பிச்சினம். எண்பதுக்கு மேல இருக்கும், படலையில நிண்டு என்னை மேலயும் கீழயும் பாத்திட்டு நீ ஆற்ற பிள்ளை மோனை எண்டு கேட்டவர். அம்மாச்சின்ர பேரைச் சொன்னன். மனுசன் ஒண்டும் கதைக்கேல்ல, சாறத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு முன்னால நடக்கத் தொடங்கிட்டார். ரெண்டு ஒழுங்கை தாண்டி ஒரு வளவுக்குள்ள விட்டார். வீட்டில அத்திவாரம் மட்டும்தான் மிச்சம், கூரை ஓடு ஒண்டும் இல்லை. ஆனா நாலு பக்கமும் வேலி நேரா நிக்குது. ஒரு கல்லுச் சரியேல்ல.

நான் உண்மையைச் சொல்லுறன், முதல் வந்த நினைப்பு, இவர்தான் பிடிச்சு வச்சிருக்கிறார் போல எண்டதுதான். அவருக்கு அது விளங்கியிருக்கோணும். "கொம்மான்ர காணி மோனை இது. வேலி விழுந்தா எல்லை போயிடும், எல்லை போனா சண்டை வரும். மாரிக்கு முதல் வருஷா வருஷம் நான்தான் அடுக்கிறனான். பனங்காய் பொறுக்கினனான், கிழங்கு போட்டனான், ஓலையும் வெட்டினனான், அதைச் சொல்லிப்போடோணும்" எண்டார். பிறகு 14 பனையில எது விழுந்தது எது நிக்குது எண்டு விரலை நீட்டிக் காட்டினார், 9 நிக்குது. எனக்கு அழுகை வந்திட்டுது, அம்மா இருக்கேக்க கூட்டிக்கொண்டு போகேல்ல எண்ட கவலை வேற.

கிணத்துத் தண்ணியை அள்ளிக் குடிக்கத் தந்தவர். கொஞ்சம் உவர், ஆனாக் குடிக்கலாம். கையால அள்ளுற வரைக்கும்தான் இது நல்ல தண்ணி, மோட்டரை வச்சு உறிஞ்சினா கீழ இருக்கிற உப்பு மேல வந்திடும், பிறகு நாலு வீட்டுக்கும் கிணறு இல்லை எண்டார். அப்பதான் உறுதில இருக்கிற "பங்குக் கிணறு" எண்ட சொல்லு எனக்கு விளங்கிச்சு. எங்கட வளவுக்குள்ள இருந்தாலும் அது எங்களுக்கு மட்டும் இல்லை.

தரகர் விஷயத்தைச் சொன்னன். தேசவழமைப்படி, எங்கட யாழ்ப்பாணத்துக் காணிச் சட்டப்படி, பங்காளிக்குத்தானே முதல் கேக்கோணும், பெரியம்மாவின்ர பங்கு இன்னும் பிரிக்கேல்லையே எண்டார். 1707 ல ஒல்லாந்தர் எழுத்தில போட்ட வழமை, இந்த மனுசன் பள்ளிக்கூடப் பாடம் மாதிரிச் சொல்லுறார். இப்பவும் சட்டம் அதுதான். நான் அதுவரைக்கும் தோம்பு, அதான் காணிப் பதிவு, கூடப் பாக்கேல்ல.

விக்கிறேல்ல எண்டு முடிவெடுத்திட்டன். ஐயாவுக்குக் காசு குடுக்கப் பாத்தன், வேண்டேல்ல, கோவிச்சும் போட்டார்.

*

வாசிச்சு அழுதிட்டன் அண்ணை. எங்களுக்கு இப்பிடி நல்லபடியா நடக்கேல்ல. நாங்கள் அனலைதீவு, அப்பான்ர முதுசக் காணி. நாங்கள் போகேக்க வேற ஆக்கள் வீடு கட்டி இருக்கினம், 10 வருஷத்துக்கு மேல ஆண்டனுபவிச்சிட்டம், இனி எங்கட எண்டு நிக்கினம். சண்டையால இடம்பெயர்ந்த ஆக்களுக்காக 2016 ல ஒரு சட்டம் வந்தது, 83 மே தொடக்கம் 2009 மே வரைக்குமான காலத்தை அந்த 10 வருஷத்துக்குள்ள கணக்கெடுக்கக் கூடாது எண்டு, ஆனா 2 வருஷத்துக்குள்ள வழக்குப் போட்டிருக்கோணும். எங்கட வீட்டில ஒருத்தருக்கும் அது தெரியாது, அப்பா அப்ப கனடாவில ஆஸ்பத்திரியில. அந்தாக்களிலயும் எனக்கு முழுக்கக் கோவம் இல்லை, அவையும் இடம்பெயர்ந்து வந்த சனம்தான், போக இடமில்லை. எண்டாலும் அப்பா கட்டின கிணத்துக் கட்டில அவற்ற பேர் இன்னும் இருக்கு, அதைப் போட்டோ எடுக்கக் கூட விடேல்ல.

அந்த ஐயா இருக்கேக்கயே சேவையரைக் கூட்டிக்கொண்டு போய் அளந்து வரைபடம் எடுத்திடுங்கோ அண்ணை. உறுதில இருக்கிற எல்லைப் பேருகள் ஆற்ற எண்டு தெரிஞ்ச கடைசி ஆள் அவராத்தான் இருப்பார்.

*

நன்றி தங்கச்சி. உங்கட அப்பான்ர கதை மனசைப் பிசையுது. சேவையரோட தை மாசம் போறதா இருக்கு, பெரியம்மாவின்ர மகனும் பாரிசில இருந்து வாறார். ஐயாவிட்ட போன் எடுத்துச் சொன்னன். வரேக்க சீமெந்து கொண்டு வராத மோனை, கல்லு இங்க கிடக்கு, கைதான் வேணும் எண்டார்.