ஸ்லாட் கார் தடத்தின் அடாப்டர்: மீட்டர் 19 வோல்ட் காட்டுகிறது, இரண்டாவது காரை வைத்தால் இரண்டும் நிற்கின்றன

கேள்வி – வேளச்சேரியிலிருந்து

வணக்கம். என் மைத்துனர் லண்டனில் வேலை பார்த்தபோது வாங்கி, ஊர் திரும்பும்போது கொண்டுவந்து கொடுத்த 1:32 அளவு ஸ்லாட் கார் தடம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தடத்தின் பள்ளக் கோட்டில் ஓடும் பொம்மைக் கார்கள், கோட்டின் இருபுறமும் உள்ள உலோகப் பட்டைகளிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ளும் விளையாட்டு அது. அது டிஜிட்டல் வகை அல்ல. கையில் பிடித்து வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இரண்டு கன்ட்ரோலர்களுக்கும் ஒரே அடாப்டரிலிருந்து மின்சாரம் போகும் பழைய அனலாக் வகை. அடாப்டர் நல்ல கனமானது; உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. உள்ளீடு 230 வோல்ட், வெளியீடு டிசி 15 வோல்ட், 1.2 ஆம்பியர் என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறார்கள்.

கோடை விடுமுறைக்காகப் பரணிலிருந்து இறக்கிப் பூட்டிப் பார்த்தோம். ஒரு கார் மட்டும் ஓடினால், தொடக்கக் கோட்டருகே சுமாரான வேகத்தில் போகிறது. எதிர்ப்பக்க வளைவில் தவழ்கிறது. இரண்டாவது காரையும் வைத்துவிட்டால் இரண்டுமே நின்றுவிடுகின்றன. அடாப்டரிலிருந்து வண்டு ரீங்கரிப்பது போன்ற ஓசை வருகிறது. பத்து நிமிடத்தில் கை வைக்க முடியாதபடி சுடுகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் இரவு நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகிறது.

அடாப்டரின் முனையை மல்டிமீட்டரில் அளந்தால் 19.6 வோல்ட் காட்டுகிறது. 15 வர வேண்டிய இடத்தில் 19 வருகிறதே, அடாப்டரில் குறை இருக்காது என்று எண்ணிக் கார்களின் அடியில் பட்டைகளைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் பின்னல் கம்பிகளை மாற்றினேன், தடத்தின் உலோகப் பட்டைகளைத் துடைத்தேன், பலன் இல்லை. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. அதை இணைத்துவிடலாமா? விளையாடுபவன் என் ஒன்பது வயது மகன் என்பதால், அறிந்தவர்களிடம் கேட்காமல் எதையும் செய்ய மனம் வரவில்லை.

மறுமொழி – பெரம்பூரிலிருந்து

ஐயா, வானொலிப் பெட்டி, ஆம்ப்ளிஃபையர் ஆகியவற்றைப் பழுதுபார்த்தே காலம் கழித்தவன் நான். நீங்கள் நம்பிய அந்த 19.6 வோல்ட்தான் உங்களைத் தவறான பக்கம் அழைத்துப் போயிருக்கிறது. மல்டிமீட்டர் அடாப்டரிடமிருந்து எடுக்கும் மின்னோட்டம் இல்லை என்றே சொல்லலாம். இவ்வகைப் பழைய அடாப்டர், சுமை இல்லாதபோது, அதாவது மின்னோட்டத்தை இழுக்கும் எதுவும் இணைக்கப்படாதபோது, அச்சிட்ட அளவைவிடக் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. உள்ளே பாதி பழுதாகியிருந்தாலும் அந்த எண் அப்படியேதான் வரும். சுமையைக் கொடுத்து அளக்கும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

இருசக்கர வாகன இண்டிகேட்டருக்குப் போடும் 12 வோல்ட், 10 வாட் பல்பு ஒன்றை வாங்குங்கள். தடத்தை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அடாப்டரின் இரண்டு முனைகளிலும் நேரடியாக அந்தப் பல்பை இணைத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதே முனைகளில் வோல்ட் அளவைப் பாருங்கள். அது ஏறத்தாழ 0.9 ஆம்பியர் இழுக்கும். உங்கள் அடாப்டர் தாங்க வேண்டிய சுமைதான். 14, 15 என்று நின்றால் அடாப்டர் நலம், கோளாறு தடத்தில். 8, 9 என்று சரிந்தால் அடாப்டரே குற்றவாளி. பல்பு எரியும்போது ஒயரை, குறிப்பாக அது அடாப்டருக்குள் நுழையும் கழுத்துப் பகுதியை, மெதுவாக வளைத்துப் பாருங்கள். வெளிச்சம் விட்டு விட்டு வந்தால் உள்ளே கம்பி இழைகள் அறுந்திருக்கின்றன என்று பொருள்.

இரவில் மோசமாவதற்கும் காரணம் உண்டு. இவ்வகை அடாப்டரில் உள்ளே வரும் அழுத்தம் எந்த விகிதத்தில் குறைகிறதோ, வெளியே போவதும் அதே விகிதத்தில் குறையும். 230 வர வேண்டிய இடத்தில் 205 வந்தால், பத்தில் ஒரு பங்கு வேகம் அங்கேயே போய்விடும்.

மறுமொழி – திருவான்மியூரிலிருந்து

நண்பரே, அந்த லேப்டாப் அடாப்டரை நேரடியாக இணைக்காதீர்கள். 19 வோல்ட் உங்கள் கார்களின் மோட்டாருக்கு அதிகம் என்பது முதல் காரணம். அதைவிடப் பெரிய காரணம் மின்னோட்டம். 65 வாட் லேப்டாப் அடாப்டர் 3.4 ஆம்பியர் வரை தயங்காமல் கொடுக்கும். பின்னல் கம்பியின் ஓர் இழை பிரிந்து பக்கத்துப் பட்டையைத் தொட்டால் போதும், ஷார்ட் ஆகிவிடும். அந்த மின்னோட்டம் முழுவதும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் மெல்லிய கம்பிச் சுருள் வழியாகப் பாயும். என் கன்ட்ரோலர் ஒன்று இவ்வாறுதான், விசை பாதி அழுந்திய நிலையில், பிளாஸ்டிக் உருகிக் குழந்தையின் கையிலேயே சூடேறியது. அந்த அடாப்டரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், அழுத்தத்தை 15 வோல்ட்டுக்குக் குறைக்கும் பக் கன்வர்ட்டர் பலகையும் 2 ஆம்பியர் ஃபியூஸும் இல்லாமல் கூடாது.

எதிர்ப்பக்க வளைவில் கார் தவழ்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அது அடாப்டரின் குறை மட்டுமன்று. கடற்காற்றுள்ள நம் ஊரில் பல ஆண்டுகள் பரணில் கிடந்த தடத்தில், ஒரு துண்டை அடுத்த துண்டோடு சேர்க்கும் உலோக இணைப்பு நாக்குகளில் கறை படிந்து, ஒவ்வோர் இணைப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக மின்னழுத்தம் கசிந்துபோகும். பட்டைகளின் மேற்புறத்தைத் துடைப்பதால் இது தீராது, ஏனெனில் கறை இருப்பது இரண்டு துண்டுகள் சேரும் இடுக்கில். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் நாக்குகளைத் துடைத்து, மூக்குக் குறடால் லேசாக அழுத்தி இறுக்குங்கள். எஃகு நாரால் மட்டும் தேய்க்க வேண்டாம். அதன் துகள்கள் காரின் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

கேட்டவர் – வேளச்சேரி

இருவருக்கும் மிக்க நன்றி. பல்பை இணைத்ததும் 19.6 வோல்ட் ஒரே நொடியில் 8.1 ஆனது, கூடவே அந்த ரீங்காரமும் வந்தது. ஒயரை வளைத்ததில் மாற்றம் இல்லை. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறந்து பார்த்தோம். ஏசியை டிசியாக மாற்றும் நான்கு டயோடுகளில் ஒன்று மின்சாரத்தைக் கடத்தாமல் அறுந்துபோயிருந்தது. வெளியீட்டைச் சீராக்கும் கண்டன்சரின் தலைப்பகுதி சற்று உப்பியிருந்தது. டிரான்ஸ்ஃபார்மரைச் சுற்றியிருந்த மஞ்சள் தாள் ஓரிடத்தில் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது. டயோடையும் கண்டன்சரையும் மாற்றினால் ஓடும் என்கிறார். மாற்றிவிடலாமா?

மறுமொழி – பெரம்பூரிலிருந்து

வேண்டாம் ஐயா. அவர் சொல்வது உண்மைதான், நிச்சயம் ஓடும். ஒரு டயோடு போனதால் பாதி அலை மட்டுமே வெளியே வந்திருக்கிறது; அதனால் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு ஒரே திசையில் காந்தமேறி ரீங்கரித்திருக்கிறது, சூடும் ஏறியிருக்கிறது. ஆனால் அந்தச் சூட்டில் கருகியது நீங்கள் சொன்ன மஞ்சள் தாள், அதாவது 230 வோல்ட் சுருளைச் சுற்றிய காப்பு. ஸ்லாட் கார் தடத்தில் பட்டைகள் மேலே திறந்தே கிடக்கின்றன. குழந்தை நாள் முழுவதும் அவற்றைத் தொட்டுக்கொண்டுதான் விளையாடும். 15 வோல்ட் அவனை ஒன்றும் செய்யாது. வீட்டு மின்சாரத்துக்கும் அந்தப் பட்டைகளுக்கும் இடையில் நிற்பது அந்தக் காப்பு ஒன்றுதான் என்பதால், அது உதிரத் தொடங்கிய பெட்டியை என் பேரனுக்கு நான் கொடுக்க மாட்டேன். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) முத்திரை உள்ள 15 வோல்ட், 2 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் அடாப்டர், அதாவது வெளியீட்டைத் தானே நிலையாக வைத்துக்கொள்ளும் எடை குறைந்த மின்னணு வகை, ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். உள்ளீடு 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால், இரவில் மின்னழுத்தம் இறங்கினாலும் வெளியீடு அசையாது.

கேட்டவர் – வேளச்சேரி

அப்படியே செய்தேன். புதிய அடாப்டர் பல்புச் சுமையில் 14.8 வோல்ட் காட்டுகிறது. பிறகு அதே பல்பை எதிர்ப்பக்க வளைவின் பட்டைகளில் வைத்து அளந்தபோது 11.9தான் வந்தது, திருவான்மியூர் நண்பர் சொன்னது சரியே. நாக்குகளைத் துடைத்து இறுக்கியதோடு, தொடக்கத் துண்டிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தடத்தின் அடியில் தனி ஒயரும் இழுத்துப் பற்றவைத்தபின் 14.3 வருகிறது. முதல் ஓட்டத்தில் கார்கள் பின்னோக்கிப் போயின. நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நேற்று இரவு எட்டு மணிக்கு இரண்டு கார்களும் முழு வேகத்தில் ஓடின. அடாப்டர் இளஞ்சூடாக மட்டுமே இருந்தது.

மறுமொழி – பெரம்பூரிலிருந்து

மகிழ்ச்சி ஐயா. அந்தப் பழைய அடாப்டரின் ஒயரை இன்றே வெட்டிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். முழுதாகப் பரணில் வைத்தால், அடுத்த விடுமுறைக்கு வீட்டில் யாராவது எடுத்துச் செருகிவிடுவார்கள்.