குறுங்கதைப் போட்டிக்கு 55 சொல் வரம்பு சரிதானா?

தேன்சிட்டு:
போட்டிக்கு ‘55 சொற்களுக்கு மிகாமல்’ என்று விதி வைத்திருக்கிறார்கள். 1987-இல் கலிஃபோர்னியாவின் வார இதழ் ஒன்று தொடங்கிய ஆங்கிலக் குறுங்கதைப் போட்டியின் எண் இது. ஆங்கிலத்தில் பல சொற்கள் கேட்கும் இடத்தைத் தமிழில் ‘வந்துகொண்டிருந்தவனிடமிருந்து’ என்ற ஒரே சொல் முடித்துவிடும். பிரித்து எழுதுபவருக்கு நட்டம், ஒட்டி எழுதுபவருக்கு லாபம். இது அநியாயம். எழுத்துக் கணக்கில் வரம்பு வையுங்கள்.

கருங்குயில்:
எழுத்தை யார் எண்ணுவது? கணினியிடம் விட்டால் ‘அம்மா’வுக்கு ஐந்து என்று சொல்லும் மென்பொருள்கள் உண்டு, புள்ளியையும் துணைக்காலையும் அவை தனித்தனியே எண்ணுகின்றன. நமக்கோ அது மூன்றெழுத்து. சொல் வரம்பே இருக்கட்டும். கை கட்டப்பட்டால்தான் வர்ணனை ஓடிப்போகும், கதை மட்டும் நிற்கும்.

நெடுவழி:
நான் அனுப்ப நினைத்திருக்கும் கதை இது:

“அண்ணன் போட்டுக் கழித்த சட்டைகளையே போட்டு வளர்ந்தேன். இந்தப் பிறந்தநாளோடு நான் அண்ணனைவிட மூத்தவன். முதல்முறையாகப் புதுச்சட்டை.”

இப்படி எழுதினால் 13 சொற்கள். பிறந்த நாளோடு, அண்ணனை விட, முதல் முறையாக, புதுச் சட்டை என்று பிரித்தால் 17. கதையில் ஓர் எழுத்துகூடக் கூடவில்லை. தேன்சிட்டு சொல்வது உண்மைதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை கடைசி வரித் திருப்பம். ‘திடுக்கென்று விழித்தான்’, ‘அது நாய்க்குட்டி’ என்று முடிகிற கதைகளுக்கே பரிசு போகிறது.

ஆலமர்:
கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் புரியாது. ‘விபத்தில் இறந்த அண்ணன்’ என்று தொடங்குங்கள். இரண்டே சொல்தானே கூடுகிறது, 55-க்கு இன்னும் எவ்வளவோ இடம் இருக்கிறது.

கருங்குயில்:
ஐயோ, வேண்டாம்! அந்த இரண்டு சொல்லும் வந்தால் கதை செத்துவிடும். ‘அண்ணனைவிட மூத்தவன்’ என்ற இடத்தில் வாசகர் தடுக்கி நின்று, கணக்குப் போட்டு, சாவைத் தானே கண்டுபிடிக்கிறார். கதை நடப்பதே அங்கேதான். குவாத்தமாலா எழுத்தாளர் அகுஸ்தோ மொன்தெரோசோ 1959-இல் ஸ்பானிய மொழியில் ஏழே சொற்களில் ஒரு கதை வெளியிட்டார்: ‘எழுந்தபோது, டைனோசர் இன்னும் அங்கேயே இருந்தது.’ எழுந்தது யார், எங்கே என்று எந்த விளக்கமும் அதில் கிடையாது. இன்றும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆலமர்:
பேர்பெற்ற எழுத்தாளர் என்றால் வாசகர் பொறுமையாக மறுமுறை படிப்பார். போட்டிக்கு வந்த கதைக் குவியலைப் புரட்டும் நடுவர் படிப்பாரா? திருப்பத்தைக் குறை சொல்கிறீர்களே, நெடுவழி, உங்கள் இரண்டாவது வரியும் திருப்பம்தான்.

நெடுவழி:
திருப்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஒரு வரி இருக்கிறது. நாய்க்குட்டிக் கதையைத் திரும்பப் படித்தால் ஒன்றும் மிஞ்சாது. இதில், அந்தப் புதுச்சட்டையை அவன் எந்த மனதோடு போட்டுக்கொள்வான் என்ற கேள்வி மிஞ்சும். மறுபடி படிக்காத நடுவர் குறுங்கதைப் போட்டிக்கு நடுவராக இருக்கவே கூடாது.

தேன்சிட்டு:
நீங்கள் திருப்பத்தைப் பற்றியே பேசுங்கள்; எனக்கு விதி திருந்த வேண்டும். ஏழு சீரில் குறள் சொன்ன மொழி இது. சீரை எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சொல்லை எண்ணவா தெரியாது? எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்று அறிவிப்பிலேயே பத்து எடுத்துக்காட்டு கொடுக்கட்டும். அதன்பின் 55 என்றாலும் சரி, 30 என்றாலும் சரி, எழுதுகிறேன்.

கருங்குயில்:
எடுத்துக்காட்டுப் பட்டியலுக்கு நானும் சம்மதம். எண் மட்டும் 30-ஆக இருக்கட்டும்.