ப்ராக் கோப்புகளுக்குத் தமிழில் விளக்கம்: வரிக்கு வரி மொழிபெயர்த்தால் போதுமா?

நாஞ்சில்_கர்னல்:
லினக்ஸில் /ப்ராக் அடைவு தெரியும்தானே. ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ப்ராசஸுக்கும் (அதாவது ஓடும் நிரலுக்கும்) அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு அடைவு, அது போக மெம்இன்ஃபோ (நினைவகம்), லோட்ஏவிஜி (சுமை), அப்டைம் (ஓடிய நேரம்) என்று மொத்த மெஷினின் நிலவரத்தைச் சொல்லும் கோப்புகள். இதற்கெல்லாம் தமிழில் விளக்கம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். லினக்ஸின் மைய நிரலான கர்னலின் மூலநிரலோடு வரும் ஆவணத்தையும், மேன் பக்கம் என்ற கையேட்டையும் வரிக்கு வரி மொழிபெயர்க்கிறேன், சொந்தச் சரக்கு எதுவும் கிடையாது. மெம்இன்ஃபோவும் லோட்ஏவிஜியும் முடிந்து நேற்று இங்கே போட்டேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தக்கலை_டெர்மினல்:
பார்த்தேன் மக்கா. உழைப்பு தெரிகிறது, உபயோகம் தெரியவில்லை. மெம்இன்ஃபோவில் மெம்ஃப்ரீ வரிக்கு "காலியாக உள்ள நினைவகம்" என்று எழுதியிருக்கிறாய், தப்பே இல்லை. ஆனால் போன வருஷம் மார்த்தாண்டத்தில் ஒரு ரப்பர் கடைக்கு பில்லிங் மெஷின் பார்க்கப் போனேன். 8 ஜிபி ராம், மெம்ஃப்ரீ 210 எம்பிதான் காட்டுகிறது, கடைக்காரர் அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு 8 ஜிபி வாங்கி மேசையில் தயாராக வைத்திருக்கிறார். மூன்றாவது வரி மெம்அவெய்லபிள், அதில் 5 ஜிபிக்கு மேல் இருக்கிறது! சும்மா கிடக்கும் ராமில் கர்னல் டிஸ்க் கோப்புகளை வைத்துக்கொள்கிறது, யாராவது கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும். அவரைப் போன்றவர்கள் தமிழில் தேடிப் படித்தால் உன் வரி அவர்களைக் காப்பாற்றுமா?

நாஞ்சில்_கர்னல்:
அண்ணே, அது கடைக்காரர் பிரச்சினை. மெம்அவெய்லபிள் அடுத்தாற்போலத்தானே இருக்கிறது, அதற்கும் விளக்கம் எழுதியிருக்கிறேன். ஆவணத்தில் என் அபிப்பிராயத்தைக் கலந்தால் அது ஆவணம் இல்லை, கட்டுரை.

தக்கலை_டெர்மினல்:
அபிப்பிராயம் இல்லை, வரலாறு. அந்த வரி 2014இல் 3.14 கர்னலில்தான் வந்தது. அதுவரை எல்லோரும் மெம்ஃப்ரீயையும் கேஷ்டையும் (ராமில் வைத்திருக்கும் கோப்புகளின் அளவு) கூட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள், அந்தக் கணக்கும் தப்பு, ஏனென்றால் கேஷ்டுக்குள், டிஸ்கில் இல்லாமல் நினைவகத்திலேயே வாழும் டிஎம்பிஎஃப்எஸ் கோப்புகளும் சேர்ந்து கிடக்கின்றன, அவற்றைக் கர்னல் சும்மா தூக்கிப் போட முடியாது. இப்படி ஒரு குழப்பம் நடந்ததால்தான் வரியே பிறந்தது. அதைச் சொல்லாமல் வரியை மட்டும் சொல்வது என்ன விளக்கம்?

குளச்சல்_அலை:
இரண்டு பேருமே வேண்டாத வேலை பார்க்கிறீர்கள். ஃப்ரீ, டாப், பிஎஸ் என்று கமாண்டுகள் எல்லாம் இருக்கும்போது இந்தக் கோப்புகளை யார் திறக்கப் போகிறார்கள். இன்றைக்கு எழுதினால் அடுத்த கர்னலில் இன்னொரு வரியோ கோப்போ வரும், 4.14இல் ஸ்மாப்ஸ்_ரோல்அப் என்ற கோப்பு வந்த மாதிரி. தமிழில் போட்டுவிட்டு அப்படியே விடப்போகிறீர்கள், மூன்று வருஷம் கழித்து ஒரு பையன் அதை நம்பி ஏமாறுவான். ஒன்று மட்டும் கேட்கிறேன் தம்பி, மெம்இன்ஃபோவில் கேபி என்று வருவதை "ஆயிரம் பைட்" என்று எழுதியிருக்கிறாயே, அங்கே அது 1024 பைட். எழுத்து சின்ன கே-யாக இருப்பது பழைய பழக்கம்.

தோவாளை_டீச்சர்:
ஃப்ரீ கமாண்டே மெம்இன்ஃபோவைத்தான் படித்துக் காட்டுகிறது சார். சின்ன கன்டெய்னர்களில் (தனியாக அடைத்து ஓட்டும் லினக்ஸ் சூழல்களில்) பிஎஸ் கூட இருக்காது, அங்கே /ப்ராக்தான் கதி. பழையதாகிவிடும் என்ற பயமும் எனக்கு இல்லை, புது வரி சேருமே தவிர ஏற்கெனவே இருப்பதை மாற்றிப் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் கர்னல்காரர்கள் கறாராக இருக்கிறார்கள்.

நான் லேபில் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு ப்ராசஸின் ஸ்டாட் கோப்பில் எல்லாம் ஒரே வரியில் இருக்கும், 14ஆவது இடத்தில் அது சிபியுவில் செலவழித்த பயனர் நேரம். ஒரு மாணவி இடைவெளியை வைத்து வெட்டி 14ஆவதை எடுத்தாள். எல்லா ப்ராசஸுக்கும் சரியாக வந்தது, ஃபயர்ஃபாக்ஸின் ஒரு ப்ராசஸுக்கு மட்டும் எப்போதும் பூஜ்யம். வீடியோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஃபேன் கத்துகிறது, எண் பூஜ்யம். அரை மணி நேரம் உட்கார்ந்தோம். இரண்டாவது இடத்தில் அடைப்புக்குறிக்குள் நிரலின் பெயர் வரும், அந்தப் பெயர் "வெப் கன்டென்ட்", நடுவில் ஒரு இடைவெளி! எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போய் அவள் எடுத்தது உண்மையில் 13ஆவது எண். கடைசி மூடு அடைப்புக்குறியைத் தேடி அதற்கப்புறம் எண்ண ஆரம்பித்தால்தான் சரியாக வரும், பெயருக்குள்ளேயே அடைப்புக்குறி இருக்கலாம் என்பதால் "கடைசி" என்பது முக்கியம். மேன் பக்கம் "பெயர், அடைப்புக்குறிக்குள்" என்று ஒரு வரியில் போய்விடுகிறது. மொழிபெயர்த்தால் உங்களுடையதும் அப்படித்தான் போகும்.

இன்னொன்று. லோட்ஏவிஜிக்கு "செயலியின் சராசரிச் சுமை" என்று போட்டிருக்கிறீர்கள். செயலி என்றால் என் பிள்ளைகளுக்கு போனில் இருக்கும் ஆப். சரி, சிபியு என்றே வைத்துக்கொள்வோம், மூலத்தில் சிபியு என்ற வார்த்தை எங்கே இருக்கிறது? சொந்தச் சரக்கு இல்லை என்றீர்களே.

நாஞ்சில்_கர்னல்:
அது நான் சேர்த்ததுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லோட் என்றால் சிபியு சுமைதானே?

தக்கலை_டெர்மினல்:
இல்லை மக்கா! லினக்ஸில் 1993இலிருந்தே டி நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களையும் லோடில் சேர்த்து எண்ணுகிறார்கள். அதாவது டிஸ்கோ என்எஃப்எஸ்ஸோ (நெட்வொர்க் வழியாக வரும் கோப்புகள்) பதில் சொல்லும்வரை எழுப்ப முடியாமல் தூங்குகிறவை. ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஸ்டோரேஜ் பெட்டி மட்டும் அணைந்துவிட்டது, சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது. லோட் 23, சிபியு 97 சதவீதம் சும்மா கிடக்கிறது. உன் விளக்கத்தைப் படித்தவன் சிபியுவைத்தான் சந்தேகப்படுவான். விவேகானந்தர் பாறைக்குப் போகிற படகுத்துறை வரிசை மாதிரி நினைத்துக்கொள், டிக்கெட் வாங்க நிற்கிறவன் மட்டுமல்ல, பாறையில் திரும்பி வரப் படகு கிடைக்காமல் நிற்கிறவனும் கணக்கில் உண்டு.

குளச்சல்_அலை:
உவமை நன்றாக இருக்கிறது, ஆனால் இதைத்தான் ஆவணத்தில் போடக் கூடாது என்கிறேன். படகை ஓர்மை வைத்துக்கொண்டு டி நிலையை மறந்துவிடுவான்.

நாஞ்சில்_கர்னல்:
மூலத்தை ரொம்பக் குறைவாக எடைபோடுகிறீர்கள் எல்லோரும். மொத்த மெஷினுக்கான /ப்ராக்/ஸ்டாட்டில் ஐஓவெயிட் (டிஸ்க் வேலைக்காகக் காத்த நேரம்) எண்ணை நம்ப வேண்டாம், சில நேரம் அது குறையக்கூடச் செய்யும் என்று கர்னல் ஆவணமே காரணத்தோடு எழுதியிருக்கிறது. அப்டைமில் இரண்டாவது எண் எல்லா சிபியு கோர்களும் சும்மா இருந்த நேரத்தின் கூட்டுத்தொகை, அதனால் நாலு கோர் மெஷினில் அது முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்கலாம், கூட்டுத்தொகை என்பதும் கர்னல் ஆவணத்தில் இருக்கிறது. ஆழமாகப் படித்து மொழிபெயர்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். டீச்சர் சொன்ன அடைப்புக்குறி விஷயத்தை வேறு நிறத்தில் ஒரு குறிப்பாகப் போடலாம், மூலம் எது நம் பேச்சு எது என்று தெரிய வேண்டும், அது மட்டும்தான் என் நிபந்தனை.

தோவாளை_டீச்சர்:
அது நியாயம். ஸ்டாட்டில் அந்த 14ஆவது எண் விநாடியில் இல்லை, டிக் என்ற அலகில் என்பதையும் அதே குறிப்பில் போடுங்கள், பெரும்பாலும் விநாடிக்கு 100. பிள்ளைகள் அடுத்து விழுவது அங்கேதான். அப்புறம் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் போட்டால் இந்தக் கோப்புகளின் அளவு ஏன் பூஜ்யம் என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். எங்கள் ஊர் பூச்சந்தையில் பிச்சிப்பூ விலை மாதிரிதான் என்று சொல்லுவேன், எங்கேயும் எழுதி வைத்திருக்காது, கேட்கிற நேரத்துக்குத்தான் சொல்லுவார்கள். குளச்சல் சார் இதற்கும் ஆட்சேபம் சொல்லுவார்.

குளச்சல்_அலை:
இதற்கு இல்லை. ஆனால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எந்தக் கர்னலில் பார்த்து எழுதியது என்று எண் போடாவிட்டால் நான் சரிபார்க்க மாட்டேன்.

நாஞ்சில்_கர்னல்:
போடுகிறேன். லோட்ஏவிஜி வரி இப்போது இப்படி: "கடந்த 1, 5, 15 நிமிடங்களில் ஓடிய, ஓடக் காத்திருந்த, டி நிலையில் மாட்டியிருந்த பணிகளின் சராசரி எண்ணிக்கை." செயலியை எடுத்துவிட்டேன். கேபியையும் திருத்தியாயிற்று.

தக்கலை_டெர்மினல்:
நாலாவதாகச் சாய்கோடு போட்டு இரண்டு எண் வருமே, அதை விட்டுவிட்டாய்.