கலைச்சொல் வேணும்: வீடியோ பிளேயர்ல 'டிராப்டு பிரேம்ஸ்', ரெண்டு சரம்

வணக்கம். வெள்ளிக்கிழமையோட மொழிபெயர்ப்பைப் பூட்டிடுவாங்க, ரெண்டு சரம் (திரைல வர்ற வாசகம்) பாக்கி. பிளேயரோட புள்ளிவிவரப் பலகைல டிகோடர் (சுருக்கி வச்ச வீடியோவப் படமா விரிக்கிற பகுதி) தவறவிட்ட பிரேம் (வீடியோவோட ஒவ்வொரு தனிப்படம்) தனியா, திரைக்குப் போற கட்டத்துல விட்ட பிரேம் தனியா எண்ணிக்கை வரும். இப்ப ரெண்டுக்குமே 'இழந்த சட்டகங்கள்'னு இருக்கு. லேசான லேப்டாப்ல படம் திக்கித் திக்கி ஓடுதுன்னு வர்றவங்க இதப் பாத்துதான் கோளாறு எங்கன்னு பிடிக்கணும். முதல் எண் ஏறிக்கிட்டே போனா பெரும்பாலும் ஹார்டுவேர் டிகோடிங் (விரிக்கிற வேலையச் சிப்புல அதுக்குன்னே இருக்கிற பகுதி செய்றது) ஓடல, பிராசஸரே எல்லாத்தையும் சுமக்குதுன்னு அர்த்தம். ரெண்டாவது மட்டும் ஏறினா டிரைவர், திரையோட ரெஃப்ரெஷ் (படத்தப் புதுப்பிக்கிற வேகம்) பக்கம் பாக்கணும். ஒரே சொல்லா இருந்தா எப்படிப் பிரிச்சுப் பாப்பாங்க?

---

'இழந்த' வேண்டாம். எதுவும் தொலையல. 60 பிரேம் வீடியோன்னா ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட்தான், அதுக்குள்ள தயாராகலன்னா ஒலியோட ஒத்துப்போகணுமேன்னு பிளேயரே தள்ளிட்டுப் போகுது. செய்றது பிளேயர், அதனால பிறவினை வேணும். உதிர்ந்த இல்ல, உதிர்த்த. சுருக்கமா 'உதிர்சட்டகம்'.

---

ஐயா, வினைத்தொகை ஆக்கினா காலம் மட்டுமா மறையுது, 'உதிர்'ங்கிறது தன்வினையா பிறவினையான்னும் தெரியாமப் போயிடுமே. நீங்க கேட்ட வேறுபாடே அதுல இல்ல. பழைய சொல்தான் வேணும்னா 'இழி' இருக்கு, குறள்லயே 'தலையின் இழிந்த மயிர்'னு வருது, உதிர்ந்ததுன்னுதான் பொருள். ஆனா இன்னைக்கு அந்தச் சொல்லைக் கேட்டா இழிவுதான் ஞாபகம் வரும்.

---

நான் வகுப்புல சொல்லித்தர்றவ. சட்டகம்னா ஜன்னல் சட்டம்னு நினைக்கிறாங்க, பிரேம்னா உடனே புரியுது. அவங்களுக்குத் தெரிய வேண்டியது, பழைய சிப்புல ஹெச்.264ங்கிற வீடியோ சுருக்க முறைக்கு ஹார்டுவேர் டிகோடிங் இருக்கும், 2018ல வந்த ஏவி1ங்கிற புது முறைக்கு இருக்காது, இன்டெல்லயே 2020ல வந்த 11வது தலைமுறைலதான் அது சேந்துச்சு, அதனால அதே வீடியோவ ஹெச்.264ல எடுத்தாலோ 1080ல இருந்து 720க்கு எறக்கினாலோ பல நேரம் சரியாயிடும். இதுக்கு நடுவுல சொல்லுக்கு உரை எழுதிட்டு இருக்க முடியாது. 'விட்ட பிரேம்' போதும்.

---

அக்கா, 'டிகோடர் விட்ட பிரேம்'னா டிகோடர் வெளிய அனுப்பின பிரேம்னும் படிக்கலாமே, பஸ் விட்டாங்கன்னு சொல்ற மாதிரி. எதிர்மறை எச்சம் சேத்தா அந்தக் குழப்பம் போயிடும். 'டிகோட் செய்யாமல் விட்ட பிரேம்கள்', 'காட்டாமல் விட்ட பிரேம்கள்'. எந்தக் கட்டத்துல நின்னுதுன்னு சொல்லே காட்டிடும்.

---

பொருள் சரி. ஆனா ஒரு தொடர்ல ரெண்டு ஆங்கிலச் சொல்லா? 'குறிநீக்காமல் விட்ட சட்டகங்கள்'னு வைங்க. கணினிங்கிற சொல்லும் வந்த அன்னைக்கே எல்லாருக்கும் புரிஞ்சிடல. சட்டகத்துக்கு வடிவுன்னு பொருள் அகராதிலயே இருக்கு, அதுக்கு மேல என்ன வேணும்?

---

நேரம் இல்ல. நாலு பேர் 'செய்யாமல் விட்ட, காட்டாமல் விட்ட' பக்கம் நிக்கிறாங்க, பிரேமோடயே ஏத்திட்டேன். பலகைல இடமும் பத்துது.

---

என் மறுப்பையும் சரத்தோட குறிப்புல எழுதிடுங்க. அடுத்த வெளியீட்டுக்கு முன்னாடி சட்டகத்தத் திரும்பக் கேப்பேன்.