ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகள்: கப்பலையும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்கலாமா?

சுமதி:
வணக்கம். நானும் கணவரும் எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் வரும் ஆகஸ்டில் முதன்முறையாகக் கிரேக்கம் செல்கிறோம். விசா கிடைத்துவிட்டது. முதலில் ஏதென்ஸ், பிறகு சாண்டோரினி, அதன்பின் நாக்ஸோஸ் என்பது திட்டம். ஆகஸ்ட் 13 காலை நாக்ஸோஸில் கப்பலேறிப் பிற்பகலில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் இறங்கி, அன்றிரவே ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்க எண்ணியுள்ளோம். இதில் சிக்கல் ஏதும் உண்டா? மாமியார் முட்டைகூடச் சேர்க்காத சைவம், இன்சுலின் போட்டுக்கொள்கிறார், முழங்கால் வலியும் உண்டு.

முத்துக்குமரன்:
சகோதரி, அந்தக் கடைசி நாளைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தேமி என்னும் காற்று வீசும். வானம் தெளிந்து வெயில் பளீரென்று அடிக்கும்போதே இது வலுத்துவிடுமாதலால், மழை இல்லையே என்று நம்பியிருக்க முடியாது. காற்று மிகும்போது துறைமுக அதிகாரிகள் கப்பல்கள் புறப்படத் தடை விதிப்பார்கள். அதிவேகக் கப்பல்கள் முதலில் நிற்கும், கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய கப்பல்கள் அதற்குப் பிறகே நிற்கும். தடை வந்தால் கப்பல் நிறுவனம் பணத்தைத் திருப்பித் தரும், அல்லது அடுத்த கப்பலில் இடம் தரும்; தவறிப்போன விமானத்துக்கு அது பொறுப்பேற்காது.

ஆகவே இறங்கியதும் தீவுகளுக்குப் போய்விட்டு, ஏதென்ஸைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்ஸோஸிலிருந்து ஏதென்ஸுக்கு 11ஆம் தேதியே திரும்புவதாக வைத்துக்கொண்டால், ஒரு நாள் கப்பல் நின்றாலும் பதற வேண்டியிராது. நாக்ஸோஸிலிருந்து பிரேயஸுக்குப் பெரிய கப்பலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகஸ்ட் 15 மரியன்னையின் திருநாள் என்பதால் அதையொட்டிய நாட்களில் ஏதென்ஸ் மக்கள் திரளாகத் தீவுகளுக்குக் கிளம்புவார்கள்; பயணச்சீட்டை இப்போதே எடுத்துவிடுங்கள்.

தமிழ்ச்செல்வி:
சாண்டோரினியை இம்முறை விட்டுவிடுங்கள் என்றே சொல்வேன். ஃபீராவும் ஈயாவும் செங்குத்தான பாறை விளிம்பில் அமைந்த ஊர்கள். பல விடுதிகளுக்குப் படிகளில் இறங்கித்தான் போக வேண்டும். நாக்ஸோஸில் கடற்கரையை ஒட்டிய வீதி சமதளமானது; மணல் பரந்த அகியோஸ் ப்ரோகோபியோஸ் வரை பேருந்து போகிறது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நீங்கள் போகும் காலம் நல்ல காலம். ஆகஸ்ட் 1 முதல் 14 வரை அங்கே மரியன்னைக்கான நோன்பு நாட்கள். "நிஸ்தீசிமா" என்று கேட்டால் இறைச்சி, பால், முட்டை சேராத உணவைக் காட்டுவார்கள். ஆனால் நோன்பில் இறாலுக்கும் கணவாய்க்கும் விலக்கு இல்லை; எனவே கடலுணவும் வேண்டாம் என்று தனியே சொல்ல வேண்டும். மஞ்சள் பருப்பை மசித்துச் செய்யும் ஃபாவா மாமியாருக்கு நிச்சயம் பிடிக்கும். அரிசி அடைத்த தக்காளியில் சில கடைகளில் கொத்துக்கறி கலந்திருக்கும், கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்கில் போடும் பெட்டியில் குளிரில் உறைந்து கெட்டுவிடக்கூடும். மருந்துகளின் வேதிப் பெயர்களுடன் மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கான மாத்திரையில் கோடீனோ டிரமடாலோ இருந்தால் அந்தக் கடிதம் கட்டாயம் தேவை. விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ காப்பீடு, ஏற்கெனவே உள்ள சர்க்கரை நோயை ஏற்கிறதா என்று பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் அது விலக்கப்பட்டிருக்கும்.

சுமதி:
இருவருக்கும் மிக்க நன்றி. சாண்டோரினியை நீக்கிவிட்டோம், ஏதென்ஸ் கடைசிக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டே கேள்விகள்: நெய்யும் பால்கோவாவும் கொண்டுபோகலாமா? நம் மின்கெண்டி அங்கே வேலை செய்யுமா?

முத்துக்குமரன்:
பால் பொருட்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவர அனுமதி இல்லை. நெய், பால்கோவா இரண்டும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், அவல் ஆகியவற்றைத் தாராளமாக எடுத்துச் செல்லலாம். மின்னழுத்தம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட்தான். மெல்லிய இரண்டு முனை உள்ள கைபேசி சார்ஜர் அப்படியே பொருந்தும், மூன்று முனை உள்ள கெண்டிக்கு ஓர் அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.