அக்கா வீட்டுக்காரருக்கு ஹண்டிங்டன் நோய். தூரத்தில் இருக்கும் நான் என்ன செய்யலாம்?

கரூர்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஹண்டிங்டன் என்பது மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாக்கும் பரம்பரை நோய்.

அக்கா கரூரில் இருக்கிறாள், நான் சென்னையில். மாமாவுக்கு 44 வயது, பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராக இருந்தவர். ஆறு வருடத்துக்கு முன்னால் முதலில் வந்தது கோபம்தான். சாப்பாடு அஞ்சு நிமிடம் தாமதமானால் தட்டு பறக்கும். பட்டறையில் சண்டை, அப்புறம் வேலை போனது. அதன் பிறகுதான் விரல்கள் தானாக ஆட ஆரம்பித்தன, நடையும் தள்ளாடியது. தெருவில் எல்லோரும் குடிக்கிறார் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். ஒரு முறை வாகன சோதனையில் நிறுத்தி ஊதச் சொன்னார்கள், மெஷினில் ஒன்றும் காட்டவில்லை, அப்படியும் அந்தப் போலீஸ்காரர் நம்பவில்லை. நானே இரண்டு வருடம் அக்காவிடம் "குடியை நிறுத்தச் சொல்லு" என்று சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

போன வருடம் மரபணுப் பரிசோதனை செய்தோம். சி.ஏ.ஜி எண்ணிக்கை (மரபணுவில் ஒரு துண்டு எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கு) 45 என்று வந்தது, அதாவது நோய் உறுதி. மாமாவின் அம்மாவும் கடைசியில் இப்படித்தான் ஆடி ஆடி மெலிந்து இறந்தாராம், ஊரில் செய்வினை என்று சொல்லி முடித்துவிட்டார்கள்.

இப்போது மாமா குளிக்க, சட்டை போட அக்கா வேண்டும். தண்ணீர் குடித்தாலே புரை ஏறுகிறது. பீடியை விடவில்லை, இரண்டு முறை வேட்டியில் நெருப்பு பிடித்தது. ராத்திரி எழுந்து வெளியே போய்விடுவார் என்று அக்கா நிலைப்படியில் குறுக்கே படுத்துக்கொள்கிறாள். மகள் காலேஜ், 19 வயது. பையன் பத்தாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் அப்பாவுக்கு "நரம்புத் தளர்ச்சி" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

மாதம் பணம் அனுப்புகிறேன். போனில் கேட்டால் "ஒன்னும் வேண்டாம்டா, நான் பார்த்துக்கிறேன்" என்பாள். தீபாவளிக்குப் போனபோது பார்த்தால் அவள்தான் மாமாவை விட மெலிந்திருக்கிறாள். வேறு என்ன செய்வது? பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடலாமா? வெளிநாட்டில் இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? வீட்டு மனை ஒன்று இருக்கிறது, விற்கக் கூடத் தயார்.

வைகைக்கரை

தம்பி, முதலில் மனையை விற்காதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்தது அநேகமாக 2025 செப்டம்பரில் வந்த செய்தியாக இருக்கும். மண்டையைத் துளைத்து மூளைக்குள் செலுத்தும் மரபணு சிகிச்சை. நோயின் வேகம் 75 விழுக்காடு குறைந்தது என்று அதைத் தயாரிக்கும் நிறுவனம் சொன்னது, ஆனால் அந்தக் கணக்கு அதிக அளவு மருந்து பெற்று மூன்று வருடம் முடித்த 12 பேரை வைத்துச் சொன்னது. அதுவும் நோய் ஆரம்பக் கட்டத்தில் இருந்தவர்களை வைத்து. நல்ல செய்திதான், நானும் அன்றைக்கு அழுதேன். ஆனால் 2021-இல் இப்படித்தான் இன்னொரு மருந்தை நம்பிக் காத்திருந்தோம், கடைசிக் கட்டச் சோதனையில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த மனை உங்கள் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பின்னால் வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்கு இது ஒன்பதாவது வருடம். நான் சொல்வதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

"ஒன்னும் வேண்டாம்" என்று அக்கா சொல்வதற்கு அர்த்தம், என்ன கேட்பது என்று யோசிக்கக் கூட அவளுக்குத் தெம்பு இல்லை என்பது. என்னிடமும் எல்லோரும் "ஏதாவது வேணும்னா சொல்லுக்கா" என்பார்கள். அதைச் சொல்வதும் எனக்கு ஒரு வேலையாகத்தான் இருந்தது. என் நாத்தனார் மட்டும் எதுவும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து "மூணு மணிக்கு வா, அதுவரைக்கும் வீட்டுப் பக்கம் வராதே" என்று என்னைத் துரத்திவிடுவார். முதல் வாரம் எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தேன். நீங்களும் பத்து நாள் லீவு போட்டுப் போங்கள். விருந்தாளியாகப் போகக் கூடாது. அக்காவை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் தனியாக மாமாவைப் பாருங்கள். அனுப்பும் முன் இரண்டு நாள் கூட இருந்து பழகிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டு விஷயம். இந்த ஆட்டத்திலேயே உடம்பு எரிந்துபோகிறது, சிலருக்கு ஒரு நாளைக்கு 4000 கலோரி கூடத் தேவைப்படும் என்று எங்கள் டாக்டர் சொன்னார். அதனால் நெய், வாழைப்பழம், வேர்க்கடலையை அரைத்துக் கலந்த கஞ்சி, முட்டை என்று சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை. நாங்கள் செய்த தப்பு ரசம் சாதம். உடம்புக்கு ஆகாதவருக்கு ரசம் சாதம்தானே கொடுப்போம்? அதுதான் ஆபத்து, தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக ஓடும், அதை வாயில் சமாளிக்க முடியாமல் புரை ஏறும். தயிர் சாதம் நன்றாகக் குழைத்து ஒரே பதமாகக் கொடுங்கள். தண்ணீரை விடக் கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி நல்லது. நிமிர்ந்து உட்கார வைத்து, விழுங்கும்போது தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தச் சொல்லுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள், அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளர் (விழுங்கும் சிக்கலையும் அவர்தான் பார்ப்பார்) ஒருவர் ஒரு முறை பார்த்துவிட்டால் அவருக்கு எந்தப் பதம் சரி என்று சொல்லிவிடுவார். நாங்கள் அதைச் செய்யாமல் விட்டு, உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம்.

அப்புறம் கோபம். தட்டு பறப்பது கெட்ட குணத்தால் இல்லை. காத்திருப்பதைத் தாங்கும் பாகம் மூளையில் பழுதாகிவிட்டது. நேரத்தை ஒரே மாதிரி வைத்தால் பாதி சண்டை குறையும். "என்ன சாப்பிடுறீங்க" என்று கேட்காமல் "தோசையா, இட்லியா" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் எண்ணுங்கள். பதில் வரும், ஆனால் மெதுவாக வரும். நாம் பொறுக்காமல் மறுபடி கேட்டால் அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும். "எனக்கு ஒன்றும் இல்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னால் வாதம் செய்யாதீர்கள். தன் உடம்பு ஆடுவது அவருக்கே முழுதாகத் தெரிவதில்லை, அவர் பொய் சொல்லவில்லை.

பீடியை நிறுத்த நான் பட்ட பாடு வேறு கதை. நிறுத்த முடியாது. தீப்பெட்டியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், நேரம் குறித்து, மணல் போட்ட சட்டி பக்கத்தில், நீங்களும் கூட உட்கார்ந்து. அவ்வளவுதான் முடியும்.

மூலிகை_நேசன்

நரம்பு நோய்க்கு நம் சித்த மருத்துவத்தில் இல்லாத மருந்தா? 48 நாள் ஒரு மண்டலம் தைலமும் சூரணமும் எடுத்தால் வேரோடு போகும். சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வருவதுதானே இதெல்லாம். உள்பெட்டியில் வாருங்கள், விவரம் தருகிறேன்.

வைகைக்கரை

நாங்கள் மூன்று மண்டலம் எடுத்தோம் ஐயா. 62 கிலோ இருந்தவர் 51 ஆனதுதான் மிச்சம், பத்தியம் என்று நெய்யையும் முட்டையையும் நிறுத்தியதால். எண்ணெய் தேய்த்துவிட்டால் அவருக்குச் சுகமாக இருக்கும், அதைத் தாராளமாகச் செய்யலாம். வேரோடு போகும் என்று மட்டும் சொல்லாதீர்கள். சொந்தத்தில் கல்யாணம் பற்றிச் சொன்னதும் தப்பு. இது அப்பா அம்மா இரண்டு பக்கமும் இருந்தால்தான் வரும் நோய் இல்லை, ஒரு பக்கம் இருந்தால் போதும். என் மாமனார் கல்யாணம் செய்தது முழு அசலில், சொந்தமே இல்லை.

பிசியோ_திருச்சி

நான் பிசியோதெரபிஸ்ட். வைகைக்கரை அக்கா சொன்னதில் சேர்க்க இரண்டு மூன்று விஷயம்தான்.

ஆட்டத்தைக் குறைக்க டெட்ராபெனசின் கொடுத்திருந்தால் அவருடைய மனநிலையைக் கவனியுங்கள். அந்த மாத்திரை சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டும், இந்த நோயிலோ தற்கொலை எண்ணம் ஏற்கெனவே அதிகம். பேச்சு குறைந்தால், "நான் பாரம்" என்று சொன்னால், அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்காமல் நரம்பியல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாகவும் நிறுத்த வேண்டாம். வீட்டில் பூச்சிமருந்து, மீதமான தூக்க மாத்திரை எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. 14416 டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், இலவசம். அதை அக்காவும் பயன்படுத்தலாம், நோயாளிக்கு மட்டும் என்று இல்லை.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா? 2016 சட்டத்தில் உள்ள 21 வகைகளில் நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு ஒன்று. ஹண்டிங்டன் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் கவுண்டரில் இருக்கக்கூடும். "இந்தப் பெயர் லிஸ்டில் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் பெயரைப் பிடித்துத் தொங்காமல் அந்த வகையைச் சொல்லுங்கள், நரம்பியல் டாக்டரின் கடிதத்தை இணைத்துக் கொடுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று வந்தால்தான் பெரும்பாலான சலுகைக்குக் கதவு திறக்கும். இந்த அலைச்சலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், அக்காவை வரிசையில் நிற்க விடாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோ செய்வார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துவிடுங்கள்.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். வீசி உட்காருவார், சாய்ந்துவிடும். கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலி. படுக்கை தரையோடு மெத்தை. கட்டிப் போடுவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. நிலைப்படியில் அக்கா படுப்பதற்குப் பதில் கதவில் ஒரு மணி கட்டுங்கள். இவ்வளவு சின்ன விஷயம், ஆனால் யாரும் சொல்வதில்லை.

இன்னும்_பார்க்கவில்லை

பிள்ளைகளுக்கு டெஸ்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு 27 வயது. அப்பாவுக்கு இருக்கிறது. அதனால் எனக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி, அண்ணனுக்கு வந்தாலும் வராவிட்டாலும் என்னுடைய பாதி பாதிதான். நான் டெஸ்ட் எடுக்கவில்லை. அண்ணன் எடுத்தான், இல்லை என்று வந்தது. வந்தபிறகு ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை அவன்.

"எடுத்துப் பார்த்துவிடலாமா" என்று நீங்கள் கேட்பது தைராய்டு டெஸ்ட் மாதிரி இருக்கிறது. பையனுக்கு அறிகுறி எதுவும் இல்லாதபோது 18 வயதுக்குள் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது. மகள் 19 என்பதால் எடுக்கலாம், ஆனால் அவள் கேட்டால் மட்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ், வேலூர் சி.எம்.சி. மாதிரி இடங்களில் முதலில் மரபணு ஆலோசகர் உட்கார வைத்துப் பேசுவார். வந்துவிட்டால் என்ன செய்வாய், யாரிடம் சொல்வாய் என்று கேட்பார். நான் அந்த அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டேன். "சரி, எப்போது வேண்டுமானாலும் வாங்க, வராமலும் இருக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி.

ஆனால் மறைக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் நரம்புத் தளர்ச்சிதான். என் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது பையன் வீட்டார் ஊரில் விசாரித்து, பாட்டி எப்படி இறந்தார் என்று தெரிந்துகொண்டு வந்து, எங்கள் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார்கள். சொந்த வீட்டு விஷயத்தை நான் அப்படித்தான் கேட்டேன், காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு. அப்பா மேல் வராத கோபம் அம்மா மேல் வந்தது. இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

டம்ளர் கையை விட்டு நழுவினால், பேர் ஒன்று சட்டென்று நினைவுக்கு வராவிட்டால், இதுதானோ என்று தோன்றும். அதைச் சொல்ல ஒருவர் வேண்டும். மகளுக்கு அந்த ஆளாக நீங்கள் இருக்கலாம், தாய்மாமன்தானே. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கூகுள் அவள் பார்த்துக்கொள்வாள், பார்த்த ராத்திரி உங்களுக்குப் போன் வரும், எடுத்துவிடுங்கள்.

கரூர்_தம்பி

எல்லோருக்கும் பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும்.

லீவு பத்து நாள் கிடைக்கவில்லை, ஏழு. அக்கா போக மாட்டேன் என்று அழுதாள், "உன்னால முடியாதுடா" என்றாள். முதல் நாள் அவள் சொன்னதுதான் சரி என்று நினைத்தேன். குளிப்பாட்டும்போது மாமாவின் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. நாலாவது நாள் கொஞ்சம் பிடிபட்டது. தோசையா இட்லியா என்று கேட்டுவிட்டு எண்ணினேன், 20-க்குப் பக்கத்தில் போய் "தோசை" என்றார். இத்தனை நாள் இவருக்குப் பேச்சே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அம்மா வீட்டில் முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தாளாம். மூன்றாம் நாள் போன் செய்து மணி கட்டினாயா என்று கேட்டாள்.

மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பெயர் முன்பே தெரிந்திருக்கிறது, அலமாரியில் ரிப்போர்ட்டைப் பார்த்து எட்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறாள். டெஸ்ட் பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பையனிடம் இன்னும் சொல்லவில்லை, பரீட்சை முடியட்டும் என்கிறாள் அக்கா. அது சரியா தெரியவில்லை.

சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாகிவிட்டது, ஒரு முறை திருப்பி அனுப்பினார்கள், பிசியோ சார் சொன்ன மாதிரியே. இனி இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நாலு நாள் நான் போவதாகப் பேசியிருக்கிறோம். நாற்காலிக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். மாமா அஞ்சரை அடி உயரம், உட்காரும் பலகையும் கைப்பிடியும் எவ்வளவு உயரம் வைப்பது என்று யாராவது சொன்னால் வெள்ளிக்கிழமைக்குள் அவரிடம் சொல்லிவிடுவேன்.